ஒரு நாட்டின் ஆற்றல் கணக்கு எப்படி எழுதப்படுகிறது?

2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. சுரங்க வாயிலில் லாரிகளும், இருப்புப் பாதையில் வேகன்களும் எடை போடப்படுவதால், இந்த எண்ணைப் பெருமளவு நம்பலாம். ஆனால் இது எடையின் கணக்கு மட்டுமே. அந்த நிலக்கரியில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை இது சொல்வதில்லை. 2012 முதல் இந்திய நிலக்கரி, எரியும்போது தரும் வெப்பத்தின்படி ஜி1 தொடங்கி ஜி17 வரை 17 தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஜி1 ஒரு கிலோவுக்கு 7,000 கிலோ கலோரிக்கு மேல் தரும். ஜி17 தருவது 2,200-க்குச் சற்று மேல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ எடையின் பெரும்பங்கு ஈரமாகவே இருக்கிறது. இவற்றை டன்னாகக் கூட்டினால் கிடைக்கும் தொகைக்கு ஆற்றல் என்ற அளவில் பொருளே இல்லை.

எனவே ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். வேகனின் பல இடங்களிலிருந்து அள்ளிய கட்டிகளை உடைத்து, கலந்து, பங்கிட்டு, மீண்டும் பொடியாக்கிக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் சுமார் ஒரு கிராம் தூளைக் கலோரிமானியில் உயர் அழுத்த ஆக்சிஜனில் எரித்து, சுற்றியுள்ள நீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்க்கிறார்கள். ஏறக்குறைய 4,000 டன் ஏற்றிய ஒரு சரக்கு ரயிலின் தரத்தை அந்த ஒரு கிராம்தான் முடிவு செய்கிறது. சுரங்கத்தார் சொல்லும் தரமும் மின் நிலையத்தில் இறக்கும்போது காணும் தரமும் பொருந்தாமல் போவது வழக்கமாகிவிட்டதால், தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க மற்றும் எரிபொருள் ஆய்வு நிறுவனம் போன்ற மூன்றாம் தரப்பினர் இடையில் நின்று சோதிக்கும் ஏற்பாடு வந்தது.

எடையே பிழைபட்டுப்போவதும் உண்டு. சீனா தன் பொருளாதாரக் கணக்கெடுப்பில் சிறு தொழிற்சாலைகளையும் சிறு நிறுவனங்களையும் விரிவாகச் சேர்த்த பிறகு, 2012-ஆம் ஆண்டில் எரித்த நிலக்கரி முன்பு அறிவித்ததைவிடச் சுமார் 60 கோடி டன், அதாவது ஏறக்குறைய 17 சதவீதம், கூடுதல் என்று திருத்தியது. திருத்தம் மட்டுமே பல பெரிய நாடுகளின் ஆண்டுப் பயன்பாட்டை மிஞ்சியது. பெரிய நிறுவனங்கள் மாதந்தோறும் படிவம் நிரப்பி அனுப்பிவிடும். செங்கல் சூளையும் சிறு கொதிகலனும் அனுப்புவதில்லை. எந்த நாட்டின் ஆற்றல் கணக்கிலும் ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிலக்கரி, கச்சா எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகிய அனைத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவர ஒரு பொது அலகு தேவை. 'எண்ணெய் இணை டன்' என்ற அலகைப் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. அது சரியாக ஒரு கோடி கிலோ கலோரி. கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி தரும் ஒரு டன் நிலக்கரி இதில் 0.4 ஆகிவிடும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி.

இந்த அலகில் எழுதப்படுவதே ஆற்றல் சமநிலை அட்டவணை. உள்நாட்டு உற்பத்தியுடன் இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும், பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பல்களும் விமானங்களும் இங்கே நிரப்பிக்கொண்டு போகும் எரிபொருளையும் கழித்து, கிடங்குகளில் இருப்பு ஏறியதையோ இறங்கியதையோ சரிசெய்தால், நாட்டுக்குக் கிடைத்த முதனிலை ஆற்றல் வரும். அட்டவணையின் நடுப்பகுதி மின் நிலையங்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் நிகழும் மாற்றத்தைக் காட்டும். கீழ்ப்பகுதி தொழில், போக்குவரத்து, வேளாண்மை, வீடு என்று இறுதிப் பயன்பாட்டைப் பிரிக்கும்.

மேலே சொன்ன ஒரு டன் நிலக்கரியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். அதில் இருப்பது 40 லட்சம் கிலோ கலோரி. ஒரு யூனிட்டுக்கு 2,400 கிலோ கலோரி செலவிடும் அனல் மின் நிலையம் அதிலிருந்து சுமார் 1,667 யூனிட் எடுக்கும். நிலையத்தின் அரவை இயந்திரங்களும் பம்புகளும் விசிறிகளும் எட்டு சதவீதத்தை எடுத்துக்கொண்டால் 1,533 யூனிட் மின்தொகுப்புக்குப் போகும். கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் 12 சதவீதம் இழந்தால் பயனரிடம் சேர்வது ஏறத்தாழ 1,350 யூனிட். அதை வெப்பமாக எழுதினால் 11.6 லட்சம் கிலோ கலோரி. அட்டவணையின் மேல்வரிசையில் 100 என்று நுழைந்தது கீழ்வரிசையில் 29 ஆகிவிடுகிறது. ஆகவே 'ஆற்றல் நுகர்வு' என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்த வரிசையிலிருந்து எடுத்தது என்று கேட்பதே முதல் வேலை.

எரிபொருள் இல்லாத மின்சாரத்துக்கு மேல்வரிசையில் என்ன எழுதுவது? இதற்கு இயற்கை விடை தருவதில்லை. மனிதர்கள் கூடி ஒரு மரபை ஏற்படுத்தியிருக்கிறார்கள். பன்னாட்டு ஆற்றல் முகமை பின்பற்றும் முறையில், அணுமின்சாரத்துக்கு உலையில் பிறந்த வெப்பம் கணக்கில் வருகிறது. அந்த வெப்பத்தில் 33 சதவீதமே மின்சாரமாகிறது என்று கொள்ளப்படுகிறது. காற்றுக்கும் சூரியத் தகட்டுக்கும் நீர்மின்சாரத்துக்கும் வெளிவந்த மின்சாரமே முதனிலை ஆற்றல். எனவே கூடங்குளத்தில் பிறக்கும் ஒரு யூனிட் சுமார் 2,600 கிலோ கலோரியாகவும், அதே தென்முனையில் முப்பந்தல் காற்றாலை தரும் ஒரு யூனிட் 860 கிலோ கலோரியாகவும் பதிவாகின்றன. வீட்டு விளக்குக்கு இரண்டும் ஒன்றே. அனல் மின்சாரத்தின் இடத்தைக் காற்று பிடிக்கும் நாட்டில், யாரும் எதையும் சிக்கனப்படுத்தாமலேயே முதனிலை ஆற்றல் குறைந்ததுபோல் தெரியும். இந்த மரபை அறியாமல் நாடுகளை ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளமாக வருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பெட்ரோலியத்தில் பெரும்பாலும் விற்பனையே நுகர்வாகக் கொள்ளப்படுகிறது. விற்ற டீசல் லாரிக்குப் போனதா, டிராக்டருக்கா, ஜெனரேட்டருக்கா என்பது பங்க் ரசீதில் இருக்காது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும். 2013-ல் பெட்ரோலிய அமைச்சகத்துக்காக நடந்த அத்தகைய ஆய்வு ஒன்று, டீசலில் சுமார் 70 சதவீதம் போக்குவரத்துக்குச் செல்வதாகக் கண்டது.

மின்சாரம் அளப்பதற்கு மிக எளிது என்று தோன்றும். மாநிலங்களுக்கிடையிலான மின்தொகுப்பின் மீட்டர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 96 பதிவுகள் எழுதுகின்றன. ஆனால் இலவச மின்சாரம் பெறும் விவசாயப் பம்ப்செட்டுகள் பலவற்றில் மீட்டரே இல்லை. அவற்றின் நுகர்வை மோட்டாரின் குதிரைத்திறனையும் ஓடும் நேரத்தையும் பெருக்கியோ, சில பம்ப்செட்டுகளில் மாதிரி மீட்டர் வைத்தோ மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டை உயர்த்தினால் கம்பியிழப்பும் திருட்டும் தாளில் தாமாகவே குறைந்துவிடும், ஏனெனில் அனுப்பியதில் விற்றதைக் கழித்து மிஞ்சுவதே இழப்பு என எழுதப்படுகிறது. விவசாயத்துக்குத் தனி ஃபீடர், அதாவது துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் தனி மின்பாதை, போட்டு, துணை மின் நிலையத்திலேயே அந்த ஃபீடரை அளப்பது இதற்கு நேர்மையான வழி. குஜராத் 2000-களில் இதைப் பெரிய அளவில் செய்தது.

விறகுக்கு மீட்டரும் இல்லை, ரசீதும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 49 சதவீதம் விறகையே முதன்மைச் சமையல் எரிபொருளாகக் கொண்டிருந்தன. தேசிய மாதிரி ஆய்வின் களப்பணியாளர் வீட்டுக்குச் சென்று, கடந்த 30 நாட்களில் எவ்வளவு விறகு எரித்தீர்கள் என்று கேட்கிறார். காட்டோரம் சுமந்து வந்த கட்டுகளை எண்ணிச் சொல்லும் பெண்ணின் நினைவிலிருந்து கிலோவும், கிலோவிலிருந்து கலோரியும் பிறக்கின்றன. பச்சை விறகா உலர்ந்ததா என்பதைப் பொறுத்துக் கலோரி வெகுவாக மாறும். விறகைச் சேர்க்காமல் வணிக எரிபொருளை மட்டும் எண்ணும் அட்டவணையும், சேர்த்து எண்ணும் அட்டவணையும் ஒரே நாட்டை இரு வேறு உருவங்களில் காட்டுவதற்கு இதுவே காரணம்.

வரவும் செலவும் இவ்வாறு தனித்தனி வழிகளில் திரட்டப்படுவதால் அவை முழுமையாகப் பொருந்துவதில்லை. மிஞ்சும் தொகையை மறைக்காமல் 'புள்ளியியல் வேறுபாடு' என்று தனி வரியில் எழுதுவது முறை. அந்த வரியை நான் மற்றவற்றைவிடக் கவனமாகப் படிப்பேன்: ஆண்டுதோறும் ஒரே திசையில் வளர்ந்தால் எங்கோ ஒரு துறை எண்ணப்படாமல் இருக்கிறது, எல்லா எரிபொருளுக்கும் சுழி என்று இருந்தால் யாரோ கணக்கை வலிந்து பொருத்தியிருக்கிறார்கள்.

இப்போது கூரைச் சூரியத் தகடுகள் புதிய சிக்கலைக் கொண்டுவந்துள்ளன. பகலில் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகி அங்கேயே செலவாகும் மின்சாரம், வீட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் மட்டும் பார்க்கும் வாசல் மீட்டரில் உற்பத்தியாகவும் பதியாது, நுகர்வாகவும் பதியாது. அந்த வீடு சிக்கனமாகிவிட்டதுபோல் தோன்றும். தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரின் பதிவுகளைத் திரட்டும் வரை, நிறுவப்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் என்று பெருக்கி, உற்பத்தி, நுகர்வு ஆகிய இரு பக்கங்களிலும் அதே தொகையைச் சேர்ப்பதே புள்ளியியலாளருக்கு உள்ள வழி.