போனுக்குள் ஆடும் சிலிக்கான் சீப்பு

போனைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையில் ஓடும் வீடியோவும் திரும்பிக்கொள்கிறது. போன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது உள்ளே இருக்கும் முடுக்கமானி. அதில் அசையும் பகுதியைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும்.

மெல்லிய சிலிக்கான் கம்பிகளின் பிடியில் ஒரு சிலிக்கான் கட்டை அந்தரத்தில் நிற்கிறது. அதன் ஓரங்களில் சீப்புப் பல் போல வரிசையாக நீட்டல்கள். அவற்றின் இடுக்குகளில், அசையாத இன்னொரு சீப்பின் பற்கள். இரண்டும் தொடுவதில்லை, எதிரெதிரே நிற்கும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அமைப்பு. போன் அசைந்தால் கட்டை சற்றே பின்தங்கும், இடைவெளி மாறும், மின்தேக்குத்திறனும் மாறும். அந்த மாற்றத்தை அளந்துதான் சிப் அசைவை அறிகிறது. போன் சும்மா இருந்தாலும் புவியீர்ப்பு கட்டையை இழுப்பதால், எது கீழ்ப்பக்கம் என்பது தெரிந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் கார் ஏர்பேக்குக்காக வந்த ஏடிஎக்ஸ்எல்50 சிப்பில் இந்த இடைவெளி 1.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தச் சிப் உணர்ந்த மிகச்சிறிய நகர்வோ ஓர் அணுவின் குறுக்களவைவிடக் குறைவு! பல பற்களின் மாற்றத்தை ஒன்றாகக் கூட்டி அளப்பதால்தான் இது நடக்கிறது.

சரி, கட்டையை அந்தரத்தில் நிறுத்துவது எப்படி? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஹோவும் ரிச்சர்ட் முல்லரும் 1980களின் தொடக்கத்தில் செய்துகாட்டிய வழி இது: முதலில் ஆக்சைடு அடுக்கு, அதன்மேல் சிலிக்கான். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆக்சைடை மட்டும் தின்றுவிடும், சிலிக்கான் தொங்கி நிற்கும்.

கேட்க எளிது. வில்லங்கம், அமிலத்தைக் கழுவிய தண்ணீர் காயும்போதுதான் வரும். அடியில் தங்கிய ஈரம் சுருங்கச் சுருங்க, பரப்பு இழுவிசை கட்டையைக் கீழே இழுத்து ஒட்டவைத்துவிடும். ஒட்டினால் அந்தச் சிப் குப்பைக்குத்தான். நீள அகல உயரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறையும். அதனால் நுண்ணுலகில் எடை ஒரு பொருட்டே இல்லை. ஒட்டும் பரப்புதான் ராஜா. இதற்கும் பெர்க்லியிலேயே ஒரு வழி கண்டார்கள்: தண்ணீரை வேறு திரவத்தால் மாற்றி, கடைசியில் அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடில் உலர்த்துவது. அதைச் சூடாக்கினால் திரவம், வாயு என்ற பேதமே மறைந்துவிடும். இழுக்கப் பரப்பு இல்லை, ஒட்டலும் இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

ஏர்பேக்குக்கு வந்தது அப்புறம் போனுக்குள் புகுந்தது. 2016இல் அதே பெர்க்லியின் நிலநடுக்க ஆய்வகம், போன்களையே நிலநடுக்கமானி ஆக்கும் மைஷேக் செயலியை வெளியிட்டது. மேசைமேல் சும்மா கிடக்கும் போன்தான் இதற்குத் தோது. பாக்கெட்டில் இருப்பது நம் நடையையும் சேர்த்தே உணரும். அதனால் ஒரு போன் குலுங்கியதை நம்பி முடிவெடுப்பதில்லை. ஒரே வட்டாரத்தில் பல போன்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் குலுங்கினால்தான் அது நிலநடுக்கம்.