பள்ளத்தை மூடும் முன் அளந்துவிடுங்கள்

போன மாதம் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு கல்லூரியின் எஸ்டேட் ஆபீசர் போன் செய்தார். "சார், ஜேசிபி ஹெச்டி கேபிளை அறுத்துடுச்சு. டிராயிங்ல கேபிள் ரோட்டுக்குக் கிழக்கால இருக்கு. இங்க மேற்கால வந்து கிடக்கு சார்" என்றார். ஹெச்டி என்றால் உயர் அழுத்த மின்சாரக் கேபிள். குரல் நடுங்கியது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

விடுதிக் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம். ஓரத்தில் மண்ணைக் குவித்திருந்தார்கள். குவியலின் அடியில் செம்மண், அதன்மேல் உடைந்த செங்கல், உச்சியில் ஆற்று மணல். தோண்டிய வரிசை தலைகீழாக அப்படியே தெரிந்தது. கேபிள் புதைக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குவியல் ஒன்றே போதும். மணல் விரித்துக் கேபிளைக் கிடத்தி, மேலே மணல் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்குவதுதான் வழக்கம். அதனால் தோண்டும்போது முதலில் செங்கல் வரும், பிறகு மணல் வரும், அடுத்த வாளியில் கேபிள் வரும். ஜேசிபி ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "செங்கல் வந்தப்ப பழைய செப்டிக் டேங்க்னு நெனச்சேன் சார். பேப்பர்ல இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையே" என்றார். பிரேக்கர் உடனே ட்ரிப் ஆனது, அவர் பிழைத்தார். இரண்டு நாள் விடுதிக்குக் கரண்ட் இல்லை, போர் மோட்டார் ஓடவில்லை, பிள்ளைகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள்.

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களுக்கு வரைபடம் செய்துதருவது என் தொழில். இந்த வருடத்தில் மட்டும் இப்படி எனக்கு வந்த நான்காவது போன் இது. நான்கிலும் வளாகத்தில் டிராயிங் இருந்தது. டிராயிங்கே இல்லாத இடத்தில் மனிதர்கள் பயந்து, கேட்டுக் கேட்டுத் தோண்டுகிறார்கள். தப்பான டிராயிங் இருக்கும் இடத்தில்தான் தைரியமாகத் தோண்டுகிறார்கள். என் ஆதங்கம் முழுவதும் இதுதான்.

நான் போகும் இடமெல்லாம் கேட்கும் ஒரே வாக்கியம்: "அதான் ஆட்டோகேட் ஃபைல் இருக்கே, அப்புறம் எதுக்கு சார் மேப்?" ஆட்டோகேட் என்பது கட்டடப் படம் வரையும் மென்பொருள். இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன், கோபமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னொரு முறை சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். உங்களிடம் இருப்பது அனுமதிக்காக ஆர்க்கிடெக்ட் வரைந்த டிராயிங். எதைக் கட்டப்போகிறோம் என்று அது சொல்கிறது. எதைக் கட்டினோம் என்று சொல்லாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார், ஒரு பாறை இருக்கிறது, ஒரு மரம் இருக்கிறது. இந்தக் கல்லூரியில் அது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ரோட்டின் கிழக்கே நேராகப் போகவேண்டிய கேபிளை, வேரை வெட்ட மனம் வராமல், ரோட்டைக் குறுக்கே கடந்து மேற்கே நாற்பது மீட்டர் கொண்டுபோய்த் திரும்பக் கிழக்கே சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான், மரம் இன்னும் நிற்கிறது. ஆனால் அந்த வளைவை யாரும் டிராயிங்கில் ஏற்றவில்லை. பில் பாஸ் ஆனது, பள்ளம் மூடப்பட்டது. வேலையை நின்று பார்த்த எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டார்.

சரி, கட்டியபடியே திருத்திய அஸ்-பில்ட் டிராயிங் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் தனியாக மேப் ஆகிவிடாது. ஆட்டோகேட் ஃபைலில் ஒரு கட்டடம் எங்கே இருக்கிறது? வரைந்தவர் எங்கே வைத்தாரோ அங்கே இருக்கிறது. தாளுக்கு அழகாக அடங்கவேண்டும் என்று திருப்பி வைத்திருப்பார். வடக்கு அம்புக்குறி ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கும். நிர்வாகக் கட்டடத்தை ஒருவர் மில்லிமீட்டரில் வரைந்திருப்பார், விடுதியை இன்னொருவர் அடிக்கணக்கில், சர்வே செய்தவர் மீட்டரில். மூன்றையும் ஒரே ஃபைலில் ஒட்டினால் ஒன்று மலையாகவும் ஒன்று கடுகாகவும் வந்து விழும். உடனே ஒருவர் மவுஸைப் பிடித்து, ரோட்டு ஓரத்தோடு பொருந்துகிறவரை கண்ணளவில் ஸ்கேல் செய்வார். இதைச் செய்யவே செய்யாதீர்கள்! ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். அந்த எண்ணை டைப் செய்யுங்கள். கண்ணளவில் ஸ்கேல் செய்த கட்டடம் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். அதிலிருந்து அளந்து தோண்டும்போதுதான் ஒன்றரை மீட்டர் தள்ளியிருப்பது தெரியவரும்.

சர்வே ஃபைலிலும் ஒரு சங்கதி உண்டு. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்து அளப்பவர்கள் பெரும்பாலும் முதல் புள்ளிக்கு 1000, 1000, 100 என்று ஒரு கற்பனை எண்ணைக் கொடுத்துத்தான் தொடங்குவார்கள். அந்த வேலைக்கு அது போதும். அடுத்த வருடம் வேறொருவர் வேறு மூலையில் நின்று அதே 1000, 1000 என்று தொடங்குவார். இரண்டு ஃபைலும் ஒன்றோடொன்று சேராது. முதலில் அளந்தவர் அடித்த ஆணி மேல் அதற்குள் பேவர் பிளாக் போட்டிருப்பார்கள். எனவே வளாகத்தில் குறைந்தது இரண்டு இடத்திலாவது கான்கிரீட்டில் நிரந்தரக் கல் பதித்து, டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவியை வைத்து அதன் உண்மையான ஆயத்தொலைவை எடுத்துக் கல்லிலேயே எண் பொறித்துவிடுங்கள். இரண்டு கல்லும் ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியவேண்டும். இனி யார் வந்தாலும் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதை ஒர்க் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல். வரைபடத்துக்காக உலகத்தை ஆறு ஆறு பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவைதான் யுடிஎம் மண்டலங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில் மண்டலம் மாறுகிறது. அந்தக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. சென்னை, திருச்சி, சேலம் எல்லாம் 44ஆம் மண்டலம். கோவையும் திருநெல்வேலியும் 43. கோவைக் கல்லூரியின் ஃபைலை 44 என்று சொல்லித் திறந்தால் கல்லூரி வங்காள விரிகுடாவுக்குப் போய்விடும். அந்தத் தப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, திரையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மூன்று மீட்டர் தப்புதான் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் ஆளைக் கொல்லும்.

"கூகுள் மேப்ல எல்லாம் தெரியுதே" என்பவர்களுக்கும் இதே பதில்தான். செயற்கைக்கோள் படமே சில இடங்களில் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். உயரமான கட்டடத்தின் கூரை படத்தில் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அதை அப்படியே நகல் எடுத்தால் சுவர் இருக்கும் இடம் மாறிவிடும். போனில் வரும் நீலப் புள்ளி வெட்டவெளியிலேயே நான்கைந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும், மரத்தடியில் இன்னும் மோசம். கேபிள் பள்ளமோ இரண்டடி அகலம். சர்வே துறையின் எஃப்எம்பி நகலைக் கொண்டுவந்து நீட்டுபவர்களும் உண்டு. அது நில எல்லைக்கான படம், அதில் குழாயும் இல்லை, கேபிளும் இல்லை. 2023இல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. தோண்டுவதற்கு முன் பதிவு செய்தால், அங்கே கேபிள், குழாய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் காம்பவுண்டுக்குள் நீங்களே புதைத்த கேபிளை உங்களைத் தவிர வேறு யாரும் சொல்லமுடியாது.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் பூமியில் அதன் உண்மையான இடத்தில் வைத்துக் காட்டும் மேப் மென்பொருள்தான் ஜிஐஎஸ். அதில் க்யூஜிஐஎஸ் இலவசம், ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி ஃபைலை நேராகவே உள்ளே எடுத்துக்கொள்ளும். காசு இருந்தால் ஆர்க்ஜிஐஎஸ் வாங்குங்கள். கட்டடத்தின் உள்ளே ஆட்டோகேட், வெளியே ஜிஐஎஸ், இரண்டையும் இணைக்க ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே அறைக்குத் தேர்வுப் பிரிவில் ஒரு பெயர், எலக்ட்ரிகல் ரிஜிஸ்டரில் ஒரு பெயர், ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு பெயர். ஏசி ரிப்பேர் என்று புகார் வந்தால் ஆள் மூன்று மாடி ஏறி இறங்குகிறார். கதவில் ஒட்டிய எண், டிராயிங்கில் உள்ள எண், புகார்ப் புத்தகத்து எண் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். துறையின் பெயரை அறைக்கு எண்ணாக வைக்காதீர்கள், துறை மாறிப் போய்விடும். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்குக் கணக்குக் காட்டும் வருடத்தில் மட்டும் பரப்பளவுக் கணக்குக்காகத் தூசி தட்டுகிற ஃபைல், மற்ற வருடங்களில் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான் உண்மையில் கேட்பது ஒரே ஒரு பழக்கத்தை. புதைக்கிற எதையும் பள்ளம் திறந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள். கருவி இல்லையா? டேப் போதும். ஒரு வால்வு, ஒரு வளைவு, ஒரு ஜாயின்ட், எதுவானாலும் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டு மூலையிலிருந்து தூரம் எடுங்கள். முடிந்தால் மூன்றாவது மூலையிலிருந்தும் எடுங்கள், சரிபார்க்க உதவும். டேப் பள்ளத்தில் கிடக்கும்படி, பின்னால் கட்டடம் தெரியும்படி ஒரு போட்டோ. இதற்குப் பத்து நிமிடம் ஆகும். சாயங்காலம் டிராயிங்கில் அந்தத் தூரங்களை ஆரமாக வைத்து ஒவ்வொரு மூலையிலிருந்தும் வட்டம் போட்டால், அவை வெட்டுகிற புள்ளியில் இடம் வந்து உட்கார்ந்துவிடும். ஆழத்தையும் எழுதுங்கள். 11 கே.வி. கேபிளை 90 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கவேண்டும் என்பது விதி. ஆனால் பிறகு புல்தரை போடுகிறேன் என்று மேலிருந்து ஒன்றரை அடி மண்ணை வழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? தோட்ட வேலையும் வரைபடத்தைக் கேட்டுத்தான் நடக்கவேண்டும்.

கான்ட்ராக்டர் செய்வாரா என்று கேட்காதீர்கள். அளவும் போட்டோவும் திருத்திய டிராயிங்கும் வராமல் கடைசி பில்லைப் பாஸ் செய்யாதீர்கள், தானாக வரும். வேலையின் அளவுகளைப் பதியும் எம் புக்கில் குழாயின் நீளத்தை எழுதுகிறீர்கள், அதன் இடத்தையும் எழுதினால் என்ன? கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது. 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்துதான் இந்த நாட்டையே வரையத் தொடங்கினார்கள். அந்த ஊர்க்காரர்களான நாம் நம் வளாகத்துக்குள் இரண்டு டேப் அளவு எழுதச் சோம்பலாமா?

தோண்டும் நாளில் செங்கலோ மணலோ எச்சரிக்கை டேப்போ வந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள். டிராயிங் என்ன சொன்னாலும் சரி, முதலில் ஆள் வைத்துக் கையால் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். லைனை ஆஃப் செய்ததற்கு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது. ஜேசிபி ஓட்டுபவரிடம் இதையெல்லாம் காலையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், பேப்பரை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். முழு வளாக டிராயிங்கை, பெண்கள் விடுதி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்த்து, லிங்க் உள்ள யாரும் திறக்கலாம் என்ற நிலையில் கூகுள் டிரைவில் போட்டுவைப்பதையும் நிறுத்துங்கள். வேலைக்கு வேண்டிய பகுதியை மட்டும் கொடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வளாகத்தில் இருபது, முப்பது வருடம் வேலை பார்த்த பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ இருப்பார். அவர் ஓய்வு பெறும் முன் ஒரு வாரம் வேறு எந்த வேலையும் கொடுக்காமல் அவரோடு நடங்கள். க்யூஜிஐஎஸ் வரைபடத்தைக் களத்தில் பயன்படுத்த உதவும் க்யூஃபீல்டு செயலியைப் போனில் போட்டுக்கொண்டு ஒரு மாணவரையும் கூட்டிப் போங்கள். அவர் சொல்வதையெல்லாம் குறித்து, டேப்பும் பிடித்துவிடுங்கள்.

இந்தக் கல்லூரியிலும் கடைசியில் அதைத்தான் செய்தோம். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியனை வீட்டுக்குப் போய் அழைத்துவந்தோம். கையில் ஒரு பக்கெட் சுண்ணாம்புப் பொடியோடு முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் அளந்துகொண்டே போனோம். தூங்குமூஞ்சி மரத்தைத் தாண்டியதும் நின்று, காலால் மண்ணைத் தேய்த்து, "இங்க ஒரு ஜாயின்ட் போட்டோம் சார், மழைக்காலத்துல" என்றார். லைன் ஆஃபில் இருப்பதை உறுதி செய்துகொண்டு கையால் குழி வெட்டினோம். அவர் போட்ட வெள்ளைக் குறியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஜாயின்ட் இருந்தது. மூடுவதற்கு முன் நூலகத்தின் இரண்டு மூலையிலிருந்து டேப் பிடித்து எழுதிக்கொண்டோம். தெற்கு விடுதிப் பக்கம் இன்னும் நடக்கவில்லை. அவருக்கு முட்டிவலி, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வருகிறார். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடவேண்டும்.