உட்கார்ந்தால் 97, நடந்தால் 86

"ஆக்சிஜன் 97 இருக்கு சார். அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

சட்டைப் பையிலிருந்து பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். அறுபதை நெருங்கும் வயது. கொரோனா சமயத்தில் மகன் வாங்கிக் கொடுத்த கருவியாம். ஆறு மாதமாக வறட்டு இருமல். மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் நின்றுவிடுகிறார். ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், பெரிதாகப் பலன் இல்லை.

முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு சத்தம். பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவில் இருக்கும் ஒட்டுப்பட்டையை மெதுவாகப் பிரித்தால் வருமே, அதே சத்தம். "வாங்க, வராண்டாவில் கொஞ்சம் நடக்கலாம்" என்றேன். ஆறு நிமிட நடை என்பது கணக்கு. மூன்றாவது நிமிடத்தில் விரலில் 86. நிறுத்தி, நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சற்று நேரத்தில் மறுபடி 96.

மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றார் அவர் மனைவி. மெஷின் சரியாகத்தான் இருந்தது.

மூக்கு வழியாகப் போகும் காற்று கடைசியாகச் சேரும் இடம் காற்று நுண்ணறைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. ஒரு சின்ன ஃப்ளாட் அளவு. இத்தனை இடத்திலும் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் 70, 80 மில்லிதான். ஒரு டம்ளர் காபியை வீடு முழுக்கப் பூசியதுபோல அவ்வளவு மெல்லிசாக. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு.

இந்தச் சுவருக்குக் கதவும் இல்லை, காவலாளியும் இல்லை. ஆக்சிஜன் அதிகமாக இருக்கும் காற்றுப் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் ரத்தத்துக்குத் தானே ஊடுருவும். கரியமில வாயு எதிர்த்திசையில் வெளியேறும். இதை நம்பவே ஒரு காலத்தில் சிரமப்பட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர் (அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா), நுரையீரல் தானே முயன்று ஆக்சிஜனை ரத்தத்துக்குள் சுரக்கிறது என்று வாதிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் கிரோக்கும் அவர் மனைவி மேரி கிரோக்கும், அப்படியெல்லாம் இல்லை, வெறும் ஊடுருவல்தான் என்று 1910இல் காட்டினார்கள். குருவை மறுத்து எழுதுவது எந்த ஊரிலும் சுலபம் இல்லை.

சரி, நம் நோயாளிக்கு வருவோம். ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டிய தந்துகியை, அதாவது முடியைவிட மெல்லிய ரத்தக் குழாயை, கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கால் விநாடி. நல்ல நுரையீரலில் முதல் கால் விநாடியிலேயே ஆக்சிஜன் ஏறி முடிந்துவிடும், மீதி அரை விநாடி உபரி. படி ஏறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தமும் வேகமாக ஓடுகிறது, முக்கால் விநாடி கால் விநாடியாகச் சுருங்கலாம். அப்போதும் நமக்கு ஒன்றும் தெரியாது. இவருக்குச் சுவர் தடித்துப்போயிருந்தது. உட்கார்ந்திருக்கும்போது அந்த உபரி அரை விநாடி அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நடந்ததும் அது போய்விட்டது.

விரலில் தெரியும் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100இலிருந்து 60 ஆக இறங்கும்வரை, அந்த எண் 97இலிருந்து 90க்குத்தான் வரும். 7 புள்ளிதானே என்று விட்டுவிடுவோம். உள்ளே அழுத்தத்தில் பத்தில் நாலு பங்கு போயிருக்கும். 90க்குக் கீழே போனால் அப்புறம் சறுக்கல்தான். கரியமில வாயு ஆக்சிஜனைவிட சுமார் 20 மடங்கு எளிதாக ஊடுருவும் என்பதால், சுவர் தடித்தாலும் அது ரொம்ப நாள் தேங்காது. ஆகவே ஆரம்பத்தில் தலைவலி, மயக்கம் என்று எச்சரிக்கை எதுவும் வராது, நடந்தால் மூச்சு இளைக்கும், அவ்வளவுதான். அதை நாமே "வயசாச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

சுவரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுக்கச் சொல்லி, பத்து விநாடி அடக்கச் சொல்லி, எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்று கணக்குப் பார்ப்பது. இதற்கு 1915இல் வழி காட்டியவரும் அதே மேரி கிரோக்தான். விஷ வாயு ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம், அளவு மிகக் குறைவு. ஆனால் பூட்டிய அறையில் ஜெனரேட்டர் ஓடும்போது, அந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் விரல் கருவி 98, 99 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஸ்கேனும் அந்தச் சோதனையும் நான் நினைத்ததையே சொல்லின. "வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை, மனைவி பேசினார்: "மாடியில நாப்பது புறா டாக்டர். என்னைக் கட்டுறதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு."

புறா எச்சத்திலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதங்களுக்குச் சிலர் உடம்பு ஒவ்வாமல் எதிர்வினை செய்யும். நாளடைவில் நுண்ணறைச் சுவர் வீங்கி, தழும்பேறி, தடிக்கும். ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். இந்தியாவில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017இல் வெளிவந்த ஆய்வில், இந்த மாதிரி நுரையீரல் திசு நோய்களில் கிட்டத்தட்ட பாதி இந்த வகைதான். புறா மட்டுமில்லை, கழுவாத ஏர் கூலரில் பிடிக்கும் பூஞ்சையும் காரணமாகலாம்.

வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். 94க்கு மேல் இருந்து, நெஞ்சுவலியும் இல்லையென்றால், சமதரையில் ஆறு நிமிடம் உங்கள் வழக்கமான வேகத்தில் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நகப்பூச்சு வேண்டாம், விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நெஞ்சக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார். மாத்திரை சாப்பிடுகிறார், புறாக்களை மச்சானிடம் கொடுத்துவிட்டார். நடந்தபோது 91. பழைய தழும்பு போகாது, இது வரைக்கும் வந்ததே பெரிது. ஆனால் இருமல் முழுதாக விடவில்லை. கூண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது மாடியிலேயேதான் இருக்கு சார். காலியாத்தானே இருக்கு."

சாயங்காலமானால் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்றார் மனைவி. பறவை போனாலும் தூசி மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும் என்று விளக்கி, கூண்டையும் எடுக்கச் சொன்னேன். வேறு ஆள் வைத்து, தண்ணீர் தெளித்து, தூசி பறக்காமல். அவர் கீழே நின்றுகொள்ள வேண்டும்.