எஸ் சேர்த்தால் மரியாதை கூடாது

பிரெஞ்சு வினையின் கடைசியில் தேவையில்லாத ஓர் எஸ் (s) போட்டு மாட்டிக்கொள்வது, என் பிரெஞ்சு வகுப்பில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. பாரிஸில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம், சனிக்கிழமை கூடுதலாக வர முடியுமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். அவர் ‘ஜெ பூரே வெனீர் சம்தி’ என்று குறுஞ்செய்தி அனுப்பினார். சனிக்கிழமை வர முடியும் என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் ‘பூரே’யின் கடைசியில் ஓர் எஸ் போட்டுவிட்டார். முதலாளி படித்தது, ‘தேவையென்றால் வரலாம்’ என்று. உறுதியான பதில் வரும் என்று காத்திருந்தவர், வெள்ளிக்கிழமை மாலை அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

“நான் மரியாதையாத்தானே எழுதினனான் ரீச்சர்?” என்று வகுப்பில் கேட்டார் அக்கா.

அந்த ‘மரியாதை’யோடுதான் பல வருடங்களாக எனக்குச் சண்டை. பிரெஞ்சு மண்ணில் இறங்கியதும் நாம் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம், பாண் வாங்கும் கடையில் சொல்கிற ‘ஜெ வூத்ரே யூன் பகெத்’, ஒரு நீளப் பாண் வேண்டும் என்பது. ‘வூத்ரே’யின் முடிவில் எஸ் இருக்கிறது. அது பணிவாகக் கேட்பது என்று சொல்லித் தருகிறோம். ‘இப்படி நடந்தால்’ என்ற பொருள் தரும் நிபந்தனை வடிவம் என்ற அதன் பெயரையும் வேலையையும் பல மாதங்கள் கழித்துத்தான் சொல்கிறோம், அது எங்கள் பிழை. அதற்குள், எஸ் சேர்த்தால் எந்த வினையும் பணிவாகிவிடும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அப்படி இல்லை. கேட்கும்போது குரலைத் தாழ்த்துவது பணிவு, ஏனென்றால் மறுக்கும் இடத்தை எதிராளிக்கு விடுகிறீர்கள். வாக்குக் கொடுக்கும்போது அதே தாழ்வு தயக்கமாகிவிடும். ‘திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர ஆயத்தமாக இருப்பேன்’ என்பதற்கு எஸ் இல்லாத எதிர்கால வடிவம், ‘ஜெ ஸெரே திஸ்போனிப்ள்’, வேண்டும். எஸ் போட்டால், ‘இருப்பேன்தான், ஆனால்...’ என்று வாக்கியம் பாதியில் தொங்கும். உங்களைச் சந்திக்கக் கிடைத்தால் மகிழ்வேன் என்ற பொருளில் எழுதும் ‘ஜெ ஸெரே ரவி’க்கு மட்டும் எஸ் பொருந்தும், அங்கே உண்மையிலேயே ஒரு ‘கிடைத்தால்’ ஒளிந்திருக்கிறது.

எஸ் இல்லாத இந்த எதிர்காலம் பிரெஞ்சில் பிறந்த விதத்தைப் பாருங்கள். ‘செய்ய’ என்ற வினையோடு ‘எனக்கு இருக்கிறது’ என்பதை லத்தீன் பேச்சில் ஒட்டிச் சொன்னார்கள், அந்த ‘இருக்கிறது’தான் இன்று ‘ஸெரே’, ‘பூரே’ எல்லாவற்றுக்கும் வாலாக நிற்கிறது. 842இல் ஸ்ட்ராஸ்பூரில் இரண்டு அரச சகோதரர்கள் செய்த சத்தியத்தில், தம்பி சார்லைக் காப்பேன் என்பதற்கு ‘சல்வராய்’ என்று எழுதியிருக்கிறது. எஸ் கிடையாது. எஸ் வருகிற வால் ‘இருந்தது’ என்ற இறந்தகாலத்திலிருந்து வந்தது.

காதை நம்பாதீர்கள். எஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் நுண்ணிய உச்சரிப்பு வேறுபாடு உண்டு என்று பழைய இலக்கணம் சொல்லும், ஆனால் பாரிஸ்காரர்கள் பலரே அதைக் கடைப்பிடிப்பதில்லை. கைப்பேசியையும் நம்பாதீர்கள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் அது சிவப்புக் கோடு போடாமலே விட்டுவிடலாம். ‘நான்’ இருக்கும் இடத்தில் ‘நாங்கள்’ போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘நூ பூரோன்’ என்று வந்தால் எதிர்காலம், எஸ் வேண்டாம். ‘நூ பூரியோன்’ என்று வந்தால் எஸ். பிரெஞ்சுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று. ஆங்கிலம் தெரிந்த தம்பிமாருக்குத்தான் இது அதிகம் வருகிறது. ‘நீ வரும்போது தருவேன்’ என்பதற்கு அவர்கள் ‘கான் த்யூ வியேன்’ என்று நிகழ்காலத்தில் எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்கு அங்கே ‘கான் த்யூ வியாந்த்ரா’ என்று எதிர்காலம் வேண்டும். தம்பி, ‘வரும்போது’ என்பதில் உள்ள ‘வரும்’ எதிர்காலம்தானே? தமிழிலிருந்து நேராகப் போனால் தடுக்கி விழ மாட்டீர்கள், ஏன் ஆங்கிலத்தைச் சுற்றி வருகிறீர்கள்? ஆனால் ‘வந்தால்’ என்ற ‘ஸி’க்குப் பிறகு எதிர்காலமும் வராது, நிபந்தனை வடிவமும் வராது. ‘ஸி த்யூ வியேன்’, நிகழ்காலம், அவ்வளவுதான். இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

2026 ஜனவரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமைக்கு, மொழித் தேர்ச்சியில் பி2 என்ற மேல் இடைநிலையைக் கேட்கிறார்கள், எழுத்தும் சேர்த்து. அந்த நிலையில் திருத்துபவர்கள் இந்த எஸ்ஸைப் பார்க்காமல் விடமாட்டார்கள். தேர்வை விடுங்கள், வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கும் எழுதும் கடிதங்களில் உங்கள் சொல்லின் உறுதி அந்த ஓரெழுத்தில் நிற்கிறது. அனுப்பும் முன் ஒருமுறை ‘நூ’ போட்டுப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தொலைபேசியில் பேசும்போது எஸ் கேட்காது, எதிராளி எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாது. அதனால் ‘ஜெ பூரே வெனீர்’ என்று சொன்ன கையோடு ‘கோந்தே சுர் முவா’, என்னை நம்பியிருங்கள், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்காவுக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.