6 வோல்ட் வண்டியை 12 ஆக்கும் முன்

ராயபுரத்தில் எங்கள் பட்டறைத் தெருவுக்குக் காசிமேட்டுக் காற்று நேராக வந்துவிடும். செம்பு எதையும் மூடாமல் வைத்தால் சீக்கிரமே பச்சை பூக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் "அண்ணே, 12 வோல்ட்டா மாத்திடுங்க" என்று வரும்போது நான் முதலில் தேடுவது அந்தப் பச்சையைத்தான். பச்சை பூத்த இணைப்பில் கரண்ட் சரியாகப் போகாது.

கடைசியாக வந்தது ஒரு 1947 ஃபோர்டு. அந்தக் காலத்து ஃபோர்டு எல்லாம் 6 வோல்ட். அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் கட்டியிருக்கும். அவர்கள் 12க்கு வந்தது 1956 மாடலில். ஓனர் பெரியவர். செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) முக்கி முக்கிச் சுற்றுகிறது, ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிகிறது என்றார். "12 போட்டா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்கப்பா."

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.4 வோல்ட் காட்டியது. அந்த இடத்தில் கால் வோல்ட் போனாலே அதிகம். பேட்டரியில் இருப்பதே 6, அதில் 1.4 வழியிலேயே தொலைந்தால் செல்ஃப் பாவம் என்ன செய்யும்? எர்த் போல்ட்டைக் கழற்றினேன். சேஸிக்கு யாரோ அழகாகப் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே எர்த் கேபிளை முடுக்கியிருந்தார்கள். கேபிளும் இந்தக் காலத்து 12 வோல்ட் காருடையது, மெலிசு. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன். சுண்டுவிரல் பருமனில் 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டு, ஹெட்லைட்டின் டிம் சுவிட்சைத் துடைத்தேன். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது. லைட்டும் அப்படித்தான்: 6 வோல்ட் பல்புக்கு 5 வோல்ட் மட்டும் போனால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வண்டி 6 வோல்ட்டாகவே வீட்டுக்குப் போனது. எனக்குத்தான் பெரிய கூலி ஒன்று கைவிட்டுப் போனது.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ராத்திரியில் அடிக்கடி ஓட்டுபவர்கள், 6 வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் கடை கடையாக அலைந்து சலித்தவர்கள் தாராளமாக மாற்றலாம். ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. வேறெங்கோ பேட்டரியை மட்டும் மாற்றிய கார் ஒன்று, பேசின் பிரிட்ஜ் அருகே புகைந்து, என்னிடம் இழுத்து வரப்பட்டது. வோல்ட் இரண்டு மடங்கானால் அதே பொருளில் சூடு நான்கு மடங்கு. பெட்ரோல் மீட்டர் கருகியிருந்தது, இக்னிஷன் காயில் தொட முடியாத சூடு, காயிலுக்குக் கரண்டை விட்டுவிட்டுத் தரும் பாயின்ட் தீய்ந்திருந்தது. துணி சுற்றிய பழைய ஒயர் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பல்பு, ஃபிளாஷர், ஹாரன் ரிலே, காயில் எல்லாம் 12க்கு மாற வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு வோல்ட்டைக் குறைக்கும் ரெடியூசர் வேண்டும். வைப்பர் மோட்டார் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதையும் பாருங்கள். பழைய ஒயரின் தடிமன் போதும், ஏனென்றால் 45 வாட் லைட் 6ல் இழுக்கும் 7.5 ஆம்பியர் 12ல் 3.75 ஆகிவிடும். உறை உதிர்ந்திருந்தால் மட்டும் முழுசாக மாற்றிவிடுங்கள். பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் அவசியம். 6 வோல்ட் செல்ஃபை 12ல் அப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. ஓடும், ஆனால் பல்சக்கரத்தில் ஓங்கி அறையும். நீளமாக அடிக்காதீர்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது எர்த். கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதைக் கட்டினால் அந்த நொடியே டயோடு போய்விடும். எர்த்தை மாற்றினால் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். ஆம்பியர் மீட்டர் தலைகீழாகக் காட்டினால் அதையும்.

வேலை முடிந்ததும் பானெட்டுக்கு உள்ளே வெள்ளைப் பெயிண்டில் "12 வோல்ட், மைனஸ் எர்த்" என்று நானே எழுதிவிடுவேன். கையெழுத்து கோணல்தான். நடுரோட்டில் ஜம்பர் கேபிளோடு ஓடிவரும் ஆளுக்குப் புரிந்தால் சரி.