டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டும் முன் போர்ட்டைப் பாருங்கள்

போன மாதம் குளச்சலிலிருந்து ஒரு வீடியோகிராபர் தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு நாகர்கோவிலில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஒரு கல்யாண வீடியோ முழுவதும் அதில்தான். லேப்டாப்பில் சொருகினால் டிக், டிக் என்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. "அண்ணே, டிஸ்க் போச்சா?" என்று கேட்கும்போதே குரல் கம்மியது. என் மேஜை கம்ப்யூட்டரில் சொருகினேன், உடனே திறந்தது.

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அவர் லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்தான், அதாவது டிஸ்க்கைச் சொருகும் துளைதான், போதிய கரண்ட் தரவில்லை. இது தெரியாமல் நல்ல டிஸ்க்கை, உள்ளே இருப்பதை மீட்டெடுக்கும் ரெகவரிக்குக் கொடுத்துப் பணத்தை விட்டவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், 3.0 போர்ட் 900 வரை. சுழலும் டிஸ்க் ஓட ஆரம்பித்த பிறகு இதற்குள் அடங்கிவிடும். மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில்தான் நிறையக் கேட்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் காட்டும் மில்லி ஆம்பியர் கணக்கு, கருவி தனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொள்வது மட்டுமே. போர்ட் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பது அதில் தெரியாது.

அதற்கு, போர்ட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சொருகும் ஒரு யூஎஸ்பி மீட்டர் போதும், சில நூறு ரூபாய்தான். கேட்கும் கரண்டைப் போர்ட்டால் தர முடியாவிட்டால் வோல்ட் விழும், மீட்டரில் அது தெரியும். ஒன்றும் சொருகாமல் பார்த்துவிட்டு 5 வோல்ட் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்க்கை மாட்டி, அது கிளம்பும்போது பாருங்கள். தம்பியின் லேப்டாப்பில் சும்மா இருக்கும்போது 5.08. டிஸ்க் கிளம்பியதும் 4.3-க்கு விழுந்தது. 4.75-க்குக் கீழே போனாலே நான் சந்தேகப்படுவேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்ட்டுக்குள் பித்தளைப் பாத்திரத்தில் படிவது போலப் பச்சைக் களிம்பு. வீடு கடற்கரையை ஒட்டி, உப்புக் காற்று சும்மா விடுமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்து காயவிட்டேன். அடுத்த முறை 4.9-க்குக் கீழே இறங்கவில்லை.

போர்ட் சுத்தமாக இருந்தும் வோல்ட் விழுந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். நீளமான மெல்லிய கேபிளும் வோல்ட்டைத் தின்றுவிடும். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பில், அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல், மவுஸ், கைரேகைக் கருவி, டிஸ்க் எல்லாம் மாட்டினால், அத்தனையும் ஒரே போர்ட்டின் கரண்டைத்தான் பங்குபோடும்.

வோல்ட் சரியாக இருந்தும் டிக் சத்தம் நிற்கவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில்தான். மறுபடி மறுபடி சொருகிப் பார்க்காமல் அப்படியே கழற்றிக் கொண்டுவாருங்கள்.