நாலு மில்லிமீட்டரில் தொலைந்த தூக்கம்

கழுத்துக் கழலைக்காக ஒரு பக்கத் தைராய்டை எடுத்திருந்த அம்மா ஒருவர், தையல் ஆறி, குரலும் தெளிந்து, இனி நிம்மதி என்றிருந்த நேரத்தில் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. பெரிய கட்டி சாதாரணக் கட்டிதான். கடைசி வரியில் மட்டும், பக்கத்துத் திசுவில் 4 மில்லிமீட்டர் பாப்பிலரி புற்று (தைராய்டில் அதிகம் வரும் புற்று வகை) என்று போட்டிருந்தது. அந்த வரியை மூன்று முறை அடிக்கோடிட்டு எடுத்து வந்த மகன், என்னைக் கதவருகே நிறுத்தி, "அம்மா இன்னும் எத்தனை வருஷம் டாக்டர்?" என்றார்.

வேறு காரணத்துக்காக எடுத்த தைராய்டில் தற்செயலாக அகப்படும், 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இந்தப் புற்று, கேன்சர் என்றதும் நம் மனசில் வரும் நோய் மாதிரி நடந்துகொள்வதே அபூர்வம். பின்லாந்தில், பிரேதப் பரிசோதனையில் எடுத்த தைராய்டுகளை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்து 1985-இல் எழுதினார்கள்: மூன்றில் ஒருவருக்கு மேல் இது இருந்திருக்கிறது, தெரியாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். ஜப்பானின் கூமா மருத்துவமனையில் 1993 முதல், ஆபத்து அறிகுறி இல்லாத சிறு புற்றுகளை அறுக்காமல் ஸ்கேனிலேயே கவனிக்கிறார்கள். பத்து வருடத்தில் 3 மில்லிமீட்டராவது வளர்ந்தவை நூற்றுக்கு சுமார் 8. எடுத்தாகிவிட்டது என்றால் கேட்கவே வேண்டாம், இதனால் உயிர் போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

"மீதியையும் எடுத்துடலாமே" என்பார்கள் அடுத்து. ஒரே இடத்தில், சுரப்பிக்குள்ளேயே அடங்கி, நிணநீர் முடிச்சுக்குப் போகாமல் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை, மிச்சத் தைராய்டு திசுவை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடினும் வேண்டாம். மறு ஆபரேஷனில் குரல் நரம்புக்கு அடிபட்டால் குரல் கம்மிப்போகும்; ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கு அடிபட்டால், விரல் மரத்துப்போய் காலமெல்லாம் கால்சியம் மாத்திரையோடு அலைய வேண்டியிருக்கும். அது புற்றுநோய் தந்த கஷ்டம் இல்லை, நாங்கள் தந்தது.

அதற்காக அளவை மட்டும் பார்த்துத் தைரியம் சொல்லவும் கூடாது. கழுத்தில் நிணநீர் முடிச்சு வீங்கி, அதைத் தேடிப்போய்க் கண்டுபிடித்த சிறு புற்றின் கணக்கு வேறு. எந்த உட்பிரிவு என்பதையும் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டும்.

இந்த அம்மாவுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கழுத்து ஸ்கேன், சுத்தமாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம். நடுவில், மீதித் தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை. தைராய்டு மாத்திரை தேவைப்பட்டால் வெறும் வயிற்றில், கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு நாலு மணி நேர இடைவெளி விட்டு. இதில் தவறுபவர்கள்தான் அதிகம்.

இதையெல்லாம் மகனிடம் தனியாகச் சொல்லாமல், உள்ளே கூட்டிப்போய் அம்மாவுக்கும் சேர்த்தே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி டாக்டர், இந்தத் தழும்பு மறைய எதைத் தடவலாம்?" என்றார்.